கொடி அவமதிப்புச் சட்டம்: தீர்ப்பு தேடுகிறேன், உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. சட்டக் கல்லூரிப் பட்டிமன்றத்துக்குத் தயாராகிறேன். அமெரிக்கக் கதை தெளிவாக இருக்கிறது: 1984இல் டல்லாஸில் ஒருவர் கொடியை எரித்தார். 1989இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்று அதைக் கருத்துரிமை என்றது. உடனே நாடாளுமன்றம் புதுச் சட்டம் போட்டது, 1990இல் அதுவும் செல்லாமல் போனது. பழமைவாதி நீதிபதி ஸ்காலியாவே எரித்தவர் பக்கம் நின்றதுதான் வேடிக்கை!

நம் ஊர் விஷயத்தில்தான் திணறுகிறேன். 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி கொடியை அவமதித்தால் மூன்றாண்டு வரை சிறை. ஆனால் சட்ட வழியில் மாற்றம் கோரும் விமர்சனம் குற்றமில்லை என்று அதிலேயே விளக்கம் இருக்கிறது. சரி, அந்தக் கோடு எங்கே விழுகிறது? பேச்சுக்காக மட்டும் வழக்குப் போட்டு, நீதிமன்றம் இந்த விளக்கத்தை அலசிய தீர்ப்பு ஏதாவது தெரியுமா? கொடியேற்றும் உரிமை பற்றிய 2004 நவீன் ஜிண்டால் தீர்ப்பைப் படித்துவிட்டேன். வழக்கறிஞர் அண்ணன்கள், அக்காக்கள் கொஞ்சம் வழிகாட்டுங்கள். வெள்ளிக்கிழமை மேடை ஏற வேண்டும்.