பப்ளிக் ஷேமிங்: ‘நாணுறுத்தல்’ சரிவருமா?

அன்புள்ள குழுவினருக்கு,

‘பப்ளிக் ஷேமிங்’, அதாவது ஒருவர் பேசியதற்காகவோ எழுதியதற்காகவோ பலர் கூடிப் பொதுவெளியில் அவரை வெட்கப்படுத்துவது, இதற்கு நம் கலைச்சொல் பட்டியலில் என்ன தமிழ்ச் சொல் வைப்பது? ஐயா முன்வைத்த ‘பொது இழிவுபடுத்தல்’ எனக்கு ஒட்டவில்லை. ஒருவர் பெண்களையோ ஒரு சமூகத்தையோ மட்டமாகப் பேசுவதையும் இழிவுபடுத்தல் என்றுதான் எழுதிவருகிறோம். அதற்காக ஊரே அவர்மேல் பாய்வதற்கும் அதே சொல் என்றால், ‘இழிவுபடுத்தியவரை இழிவுபடுத்தினார்கள்’ என்று செய்தி எழுத வேண்டிவரும். படிப்பவர் தலையைச் சொறிவார்.

‘அவமதிப்பு’ நீதிமன்றத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ‘அவதூறு’ கூடவே கூடாது. இங்கே பரப்பப்படுவது பெரும்பாலும் மாட்டிக்கொண்டவரே எழுதிய வரி, பொய்ப்பழி அல்ல. ‘சந்தி சிரிக்கவைத்தல்’ எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் சட்டக் கட்டுரையில் அதை எப்படிப் போடுவது?

அச்சுறுத்தல், அறிவுறுத்தல் வரிசையில் ‘நாணுறுத்தல்’ என்று வைக்கலாமே. நாண் (வெட்கம்) பழைய சொல்; குறளில் நாணுடைமைக்கு ஓர் அதிகாரமே இருக்கிறது. பாய்ந்தவர்கள் பக்கம் நியாயம் உண்டா இல்லையா என்று இந்தச் சொல் முந்திக்கொண்டு தீர்ப்புச் சொல்வதும் இல்லை.

அப்புறம், வேலை போவதையும் இதற்குள்ளேயே அடைக்க வேண்டாம். 2013 டிசம்பரில் லண்டனிலிருந்து கேப் டவுனுக்கு விமானம் ஏறுமுன் ஒரு பெண் எய்ட்ஸ் பற்றி ஒரு மோசமான நகைச்சுவையை ட்வீட்டாகப் போட்டார். அவர் வானத்தில் இருந்த நேரம் முழுக்க, ‘இறங்கிவிட்டாரா’ என்று ஹேஷ்டேக் போட்டுக் கூட்டம் காத்திருந்தது. அது நாணுறுத்தல். பிறகு அவர் நிறுவனம் அவரை வேலையைவிட்டு அனுப்பியது, அது பணிநீக்கம். திரைப்பட இயக்குநர் ஜேம்ஸ் கன் விஷயத்தில் இந்த வித்தியாசம் இன்னும் தெளிவு. பழைய ட்வீட்டுகளைச் சிலர் தோண்டியெடுத்ததும் 2018 ஜூலையில் டிஸ்னி அவரை நீக்கியது. 2019 மார்ச்சில் அதே டிஸ்னி திரும்ப அழைத்துக்கொண்டது. பணிநீக்கத்தை ஒரு நிறுவனம் திரும்பப் பெறலாம். கூட்டம் செய்ததைத் திரும்பப் பெற ஆளே கிடையாது.

இரண்டையும் ‘பேச்சுரிமைப் பறிப்பு’ என்று ஒரே மூட்டையாகக் கட்டுவதும் நடக்கிறது, படிக்கும்போது எரிச்சலாக வரும். பேச்சுரிமையைக் காக்கும் அமெரிக்க அரசியலமைப்பின் முதல் சட்டத்திருத்தம் அரசின் கையைத்தான் கட்டுகிறது, தனியார் முதலாளியை அல்ல. அங்கே பெரும்பாலான தனியார் வேலைகளில் காரணம் சொல்லாமலே ஆளை அனுப்பலாம். சில மாநிலச் சட்டங்கள் கொஞ்சம் காப்பு தருகின்றன.

ஆகவே ‘பொதுவெளி நாணுறுத்தல்’, ‘பேச்சுக்காகப் பணிநீக்கம்’ என இரண்டு பதிவுகள். பின்னது நீளம்தான், இருக்கட்டும். சுருக்கினால் புரியாமல் போகும். ‘கேன்சல் கல்ச்சர்’ (தவறாகப் பேசியவரை எல்லோரும் சேர்ந்து ஒதுக்கிவைப்பது) எதிராளியைத் திட்டப் பயன்படும் சொல்லாகிவிட்டதால் அதை இப்போதைக்கு விட்டுவிடலாம். டாக்ஸிங் வேறு விஷயம்: ஒருவரின் வீட்டு முகவரியையும் தொலைபேசி எண்ணையும் வேண்டுமென்றே வெளியிடுவது. ‘முகவரி அம்பலம்’ வரை வந்து நிற்கிறேன், தொலைபேசி எண் அதில் அடங்கவில்லை. யாராவது கைகொடுங்கள்.