மாட்டுச் சண்டையில "வெரோனிக்கா"ன்னா என்னா?

கொட்டகலை பொடியன்:
ராத்திரி யூடியூப்ல ஸ்பெயின் மாட்டுச் சண்டை ஒண்ணு பாத்துக்கிட்டு இருந்தேன், கமென்டரி சொல்றவரு துணிய வீசுறப்பல்லாம் வெரோனிக்கா வெரோனிக்காங்கிறாரு, ஆனா உள்ள ஒரு பொம்பளயையும் காணோம், சரி மாட்டோட பேரு போலன்னு நெனச்சா அடுத்த மாட்டுக்கும் அதையேதான் சொல்றாரு. யாருக்காச்சும் தெரியுமா?

ஹட்டன் மேரி:
தம்பி தபசு காலத்துல சிலுவைப்பாதைக்குப் போனதே இல்லயா? ஆறாம் ஸ்தலம். சிலுவை தூக்கிட்டுப் போற இயேசுவோட முகத்த வெரோனிக்கா துணியால தொடைப்பாங்க, துணியில முகம் அப்படியே பதிஞ்சிரும். படத்துலல்லாம் அந்தம்மா துணியோட ரெண்டு மூலையையும் ரெண்டு கையால புடிச்சு விரிச்சுக் காட்டுவாங்க. மாட்டோட சண்டை போடுற மட்டடோரும் அதே மாதிரி மாட்டு மூஞ்சிக்கு நேரா விரிக்கிறதால அந்த வீச்சுக்கு அவங்க பேரு. கதை பைபிள்ல இல்ல, வழிவழியா வந்ததுதான்.

படங்கு சாக்கு:
அக்கா சொன்னது சரி. அந்தத் துணிக்கு கப்போட்டேன்னு பேரு, ஒரு பக்கம் கடும் ரோஸ், மத்தப் பக்கம் அனேகமா மஞ்சள், நம்ம கொழுந்துக்காரங்க இடுப்புல கட்டுற படங்கு மாதிரி வெறைப்பா இருக்கும். மாடு புதுசா பாஞ்சு வர்ற மொதல் கட்டத்துலதான் வெரோனிக்கா. செவப்புத் துணி வேற, அது முலேட்டா, சின்னது, கம்புல மாட்டி கடைசிக் கட்டத்துல எடுப்பாங்க. பெப்பே இய்யோங்கிற மட்டடோர் பேருல 1796ல வந்த புத்தகத்துலயே இந்த வீச்சு இருக்கு, அந்தாளு 1801ல மாட்ரிட்ல மாடு குத்தியே செத்தாரு. வரிசையா நாலஞ்சு வீசிட்டு துணிய இடுப்போரமா சுருக்கி மாட்ட நிறுத்துறது பாதி வெரோனிக்கா, செவில்லா ஊரு ஹுவான் பெல்மோன்டே அதுல பெரிய ஆளு.

கொட்டகலை பொடியன்:
அட! அப்ப ரோஸ் துணிக்கும் மாடு பாயுதா, செவப்பப் பாத்தாத்தானே வெறி வரும்னு சொல்லுவாங்க?

படங்கு சாக்கு:
மாட்டுக்கு செவப்பு ஒழுங்கா தெரியவே தெரியாது தம்பி, ஆடுறதப் பாத்துத்தான் முட்டும்.

நுவரெலியா குளிர்:
வெரோனிக்கான்னா லத்தீன்ல உண்மையான உருவம்னு அர்த்தம்னு எல்லாரும் எழுதுறாங்களே, அது பிறகு ஒட்டவச்ச வெளக்கம். பேரு கிரேக்க பெரெனிக்கேயில இருந்து வந்தது, வெற்றிய கொண்டு வர்றவன்னு பொருள். அது கெடக்கட்டும், கடைசியில வாளால குத்திக் கொல்ற ஒரு ஆட்டத்துக்கு முகத்த தொடைக்க துணி குடுக்குற மனசுள்ள ஒரு அம்மா பேரா? எனக்கு சகிக்கல. சபையாச்சும் ஏதும் கேட்டிச்சா?

ஹட்டன் மேரி:
கேட்டிச்சே. 1567ல பாப்பரசர் ஐந்தாம் பயஸ் மாட்டுச் சண்டைக்கே தடை போட்டாரு, மீறுனா சபைய விட்டே வெலக்கம். ஸ்பெயின் ராசா விடுவாரா, 1575ல அடுத்த பாப்பரசர் பதிமூணாம் கிரகோரி சனங்களுக்குத் தடைய எடுத்துட்டாரு, சாமியார்மாருக்கு மட்டும் எடுக்கல.