மறு: 'இன்வேசிவ்' கொசுவுக்கு என்ன பெயர்? – 'புகுபரவி' முன்மொழிவு

அனைவருக்கும் வணக்கம். புதிய இடத்துக்கு வந்து நிலைத்துப் பரவும் 'இன்வேசிவ்' (invasive) கொசுவைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று குழுவில் எழுந்த கேள்விக்கு என் பதில் இது. இதுவரை வந்த பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

> 'வந்தேறிக் கொசு' என்றே வைத்துவிடலாம். எல்லாருக்கும் உடனே புரியும்.

புரியும் ஐயா, எனக்கு அதுதான் கவலை. நான் இருப்பது நீலகிரியில் கூடலூர் பக்கம். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் இங்கே டான்டீ (தமிழக அரசின் தேயிலைக் கழகம்) தோட்டங்களில் தலைமுறைகளாகக் கொழுந்து பறிக்கிறார்கள். அவர்கள் காதில் ஏச்சாக விழும் சொல்லை டெங்கு துண்டறிக்கையில் அச்சடித்து, லயன் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) வாசலில் கொண்டுபோய்க் கொடுக்க முடியாது.

'ஊடுருவி' எல்லைச் சண்டையை நினைவூட்டுகிறது. 'ஊடுபரவி' சவ்வூடு பரவலோடு குழம்பும். இரண்டும் வேண்டாம்.

'அயல்கொசு' நல்ல முயற்சி. ஆனால் அனாபிலஸ் ஸ்டீபன்சியைப் பாருங்கள். சென்னையின் மேல்நிலைத் தொட்டிகளிலும் கிணறுகளிலும் வளரும் நம்மூர் மலேரியா கொசு அது. 2012ல் ஜிபூட்டியிலும் 2016ல் எத்தியோப்பியாவிலும் கண்டுபிடித்தார்கள். மலேரியா ஒழிந்ததாக 2016ல் சான்று பெற்ற இலங்கையில், கொஞ்ச காலத்திலேயே மன்னாரில் தென்பட்டது. நமக்கு அது அயல் இல்லை, மன்னாருக்கு அயல். டெங்கு பரப்பும் ஏடிஸ் ஈஜிப்டியோ ஆப்பிரிக்காவில் தோன்றியது. நம் சமவெளிக்கு வந்து எத்தனையோ காலமாகிவிட்டது. நாளை மேட்டுப்பாளையத்திலிருந்து மேலேறி, குளிர் தடுத்து வைத்திருந்த ஓர் ஊரில் நிலைத்தால் அதை எந்தக் கணக்கில் அயல் என்பது?

அதனால்தான் 'புகுபரவி' என்கிறேன். புதிய இடத்தில் புகுந்து பரவுவது. வந்து சேர்ந்தால் மட்டும் போதாது. பெருகி, நிலைத்து, பக்கத்து ஊருக்கும் போக வேண்டும். நிகழ்வுக்குப் 'புகுபரவல்', பூச்சிக்குப் 'புகுபரவு கொசு'. உண்ணிச்செடியையும் சீகை மரத்தையும்கூட இந்தச் சொல்லுக்குள் கொண்டுவரலாம்.

'புகு' எனக்குப் பிடித்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. ஏடிஸ் வெகுதூரம் பறக்காது, சரக்கோடுதான் புகும். லயன் கூரைத் தார்ப்பாய் பறக்காமலிருக்க ஏற்றி வைக்கும் பழைய லாரி டயரைக் கவிழ்த்துப் பாருங்கள். உள்சுவரில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, எள்ளைவிடச் சின்னதாகக் கறுப்பாய் முட்டைகள் ஒட்டியிருக்கும். தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் சாகாது, அடுத்த மழையில் பொரிந்துவிடும். டயர் போகிற ஊருக்கு முட்டையும் போகும். 1985ல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் நிலைத்துவிட்டதாகக் கண்டறிந்த புலிக்கொசுவும் (ஏடிஸ் அல்போபிக்டஸ்) பழைய டயர்களோடு போனதாகத்தான் கருதுகிறார்கள்.

அப்புறம், மலையில் நோய் பரப்பும் கொசுவையெல்லாம் புகுபரவி என்று எழுதிவிடக் கூடாது. மலேரியா கொசுவால் பரவுவதைக் கண்டறிந்த ரொனால்ட் ராஸ், 1897ல் ஊட்டிக்கு வந்தபோது மலேரியாவை ஆராய மலையடிவாரத்துச் சீகூர் பக்கம் இறங்கி அவரே காய்ச்சலில் விழுந்தார். அந்த அடிவாரத்துக்கு மலேரியா அன்றே பழையது.

கொசுவை நுளம்பு என்றும், நோய்க்கடத்தியை நோய்க்காவி என்றும் எழுதும் இலங்கை நண்பர்களுக்குப் 'புகுபரவு நுளம்பு' சரிப்படுமா? மறுப்பு இருந்தால் தயங்காமல் எழுதுங்கள். துண்டறிக்கை அச்சுக்குப் போவதற்குள் முடிவு செய்துவிட வேண்டும்.

அன்புடன்,
கூடலூரிலிருந்து