ஸ்புரூஸ் சீவலில் நொதி ஏன் வேலை செய்வதில்லை?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். ஸ்வீடனில் உயிரெரிபொருள் குறித்து, அதாவது தாவரக் கழிவின் செல்லுலோஸை நொதியால் குளுக்கோஸாக உடைத்து எத்தனால் எடுப்பது குறித்து ஆய்வு செய்து வருகிறேன். கரும்புச் சக்கையை 190 டிகிரி செல்சியஸில் வெறும் நீராவியால் பதப்படுத்தி நொதி சேர்த்தபோது குளுக்கோஸ் தாராளமாகக் கிடைத்தது. அதே முறையில் பதப்படுத்திய ஸ்புரூஸ் (ஊசியிலை மரம்) சீவல்கள் கருத்து, விரலால் நசுக்கினாலே உதிரும் அளவுக்கு நைந்து வந்தபோதும், சர்க்கரை மிகக் குறைவாகவே கிடைக்கிறது. நொதியின் அளவைக் கூட்டுவதா, அமிலம் சேர்ப்பதா?

மறுமொழி 1

நொதியைக் கூட்டுவது ஆற்றில் கரைத்த புளிதான். கரும்புச் சக்கையின் ஹெமிசெல்லுலோஸில் (செல்லுலோஸைச் சுற்றியுள்ள கிளைத்த சர்க்கரைச் சங்கிலிகளில்) அசெட்டைல் தொகுதிகள் மிகுதி. சூட்டில் அவை அசெட்டிக் அமிலமாகப் பிரிந்து மேற்கொண்டு சிதைவைத் தூண்டுகின்றன. ஸ்புரூஸின் ஹெமிசெல்லுலோஸ் பெரும்பாலும் மேனோஸ் என்ற சர்க்கரையால் ஆனது, அசெட்டைல் தொகுதிகளும் குறைவு. மரத்தின் எடையில் கால் பங்குக்கு மேல், நார்களைப் பிணைக்கும் பசை போன்ற லிக்னின் வேறு. அதுவும் ஏறக்குறைய முழுவதும் குவாயசைல் வகை என்பதால், வெப்பம் ஏறும்போது கார்பன்–கார்பன் பிணைப்புகளால் மீண்டும் இறுகி, செல்லுலோஸை மறைப்பதோடு நொதியையும் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்கிறது.

சீவல்களில் 2.5 முதல் 3 சதவீதம் கந்தக டையாக்சைடை ஊறவைத்து, 210 டிகிரி அளவில் ஐந்து நிமிடம் நீராவி வெடிப்புக்கு (உயரழுத்த நீராவியில் வைத்து அழுத்தத்தைத் திடீரென விடுவிப்பது) உட்படுத்துவது உங்கள் நாட்டிலேயே நன்கு ஆராயப்பட்ட வழி. வாயு என்பதால் சீவலின் உட்பகுதி வரை சீராகப் பரவும். நச்சு என்பதால் மூடிய அமைப்பு கட்டாயம். செல்லுலோஸுக்குத் தேவையான வெப்பத்தில் மேனோஸ் ஹைட்ராக்சிமெத்தில் ஃபர்ஃபுரலாகச் சிதைந்து ஈஸ்ட்டைத் தடுக்கும். ஆகவே மிதமான முதற்கட்டத்திலேயே மேனோஸைப் பிரித்தெடுப்பது நல்லது. சாதாரண ஈஸ்ட்டே அதை எத்தனாலாக நொதிக்கச் செய்யும்.

மறுமொழி 2

என் தேர்வு சல்ஃபைட் முறை. அமெரிக்காவின் மேடிசனில் உள்ள வனப்பொருள் ஆய்வகம் உருவாக்கிய ஸ்போர்ல் முறையில், பைசல்ஃபைட்டும் சிறிதளவு கந்தக அமிலமும் சேர்த்துச் சீவல்களை 180 டிகிரியில் அரை மணி நேரம் வேகவைப்பார்கள். லிக்னின் சல்ஃபோனேற்றம் அடைந்து (கந்தகத் தொகுதிகள் இணைந்து) ஒரு பகுதி கரைந்துவிடுகிறது. எஞ்சியதும் நீர்விரும்பும் தன்மை பெறுவதால் நொதியை அதிகம் பிடிப்பதில்லை. அரைப்பது வேகவைத்த பிறகு என்பதால் மின்செலவும் வெகுவாகக் குறைகிறது. நொதிக் கலவையின் பிஎச் அளவை வழக்கமான 4.8-இல் வைக்காமல் 5.5-க்கு உயர்த்திப் பாருங்கள், பலன் உடனே தெரியும்.

நார்வேயின் சார்ப்ஸ்போர்க் நகரில் போரெகார்ட் ஆலை 1938 முதல் ஸ்புரூஸை சல்ஃபைட்டில் வேகவைத்த பின் மிஞ்சும் கழிவுநீரின் சர்க்கரையிலிருந்து எத்தனால் எடுத்து வருகிறது. அங்கே லிக்னோசல்ஃபோனேட்டும் (சல்ஃபோனேற்றம் அடைந்து கரைந்த லிக்னின்) விற்பனைப் பொருளே. அந்த வருவாய் இல்லாமல் ஸ்புரூஸ் போன்ற மென்மரங்களின் எத்தனால் கட்டுப்படியாவது கடினம் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. எங்கள் ஆய்வகத்தில் கந்தகச் சேர்மங்களுக்கு அனுமதி இல்லை. வேறு வழி உண்டா?

மறுமொழி 1

உண்டு. சுவிட்சர்லாந்தின் சூரிக் ஈடிஹெச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஸ்புரூஸில் 2-நாப்தால் என்ற கந்தகமற்ற கரிமச் சேர்மத்தைச் சேர்த்து நீராவியால் பதப்படுத்தினர். லிக்னினில் உருவாகும் கார்பன் நேரயனிகளை (நேர்மின்னேற்றம் கொண்ட, எளிதில் வினைபுரியும் கார்பன் இடங்களை) அது முந்திக்கொண்டு பிடித்துவிடுவதால் மறுஇறுக்கம் தடைபட்டு, நொதியால் கிடைக்கும் குளுக்கோஸின் விளைச்சல் கணிசமாக உயர்ந்தது. உங்கள் நீராவிக் கலனை மாற்றாமலே இதைச் செய்து பார்க்கலாம்; ஒப்பீட்டுக்கு நாப்தால் சேர்க்காத சீவல்களையும் அதே வெப்பத்தில், அதே நேரத்துக்கு வையுங்கள்.