ஆறு மாதப் பயணம்: அகலப் பாதத்துக்கு எந்த ஷூ? சர்க்கரை உள்ள சித்திக்கு எது?

கேள்வி: தங்கச்சிமடத்திலிருந்து

வணக்கம். நானும் என் சித்தியும் புரட்டாசியில் கிளம்புகிறோம். ராமேஸ்வரம் – பனாரஸ் வண்டியில் காசி, அங்கிருந்து கேதார்நாத், அமிர்தசரஸ், ராஜஸ்தான், துவாரகை என்று சுற்றிவிட்டுப் பங்குனியில்தான் ஊர் திரும்புவோம். தங்குவது பெரும்பாலும் சத்திரங்களிலும் குருத்வாராக்களிலும். ஆளுக்கு ஒரு முதுகுப்பைதான். துணிமணி ஒருவழியாக அடங்கிவிட்டது. காலணியில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

கையில் இருப்பது: வலைத்துணி ஷூ ஒன்று, அண்ணனின் மலையேற்ற ஷூ (எனக்கும் அதே அளவுதான்), தோல் செருப்பு, ஹவாய் செருப்பு. எல்லாவற்றையும் வைத்தால் பை மூடாது.

வலைத்துணி ஷூவில் கோதண்டராமர் கோயில் வரை நடந்துவிட்டு வந்தால் சுண்டுவிரல் சிவந்து, குதிகாலில் கொப்புளம் வருகிறது. சின்ன வயதிலிருந்து வெறுங்காலும் செருப்புமாகவே நடந்த பாதம், விரல்கள் விரிந்து முன்பக்கம் அகலம். ஒரு சைஸ் பெரிதாகப் போட்டால் குதிகால் கழன்று கழன்று வருகிறது.

அண்ணன் ஷூ பரணில் பெட்டியோடு இருந்தது, பார்க்கப் புதுசு. போட்டுக்கொண்டு தெருமுனை போவதற்குள் அடிப்பாகம் நனைந்த பிஸ்கட் மாதிரி உதிர்ந்துவிட்டது. அதிகம் போடாத ஷூ ஏன் இப்படி ஆகிறது?

சித்திக்குப் பல வருடமாகச் சர்க்கரை. "கோயில் கோயிலாகக் கழற்றி மாட்ட வேண்டியதுதானே, ஹவாய் செருப்பு போதும்டி" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: ராமநாதபுரம், செருப்புக்கடை

அண்ணன் ஷூவுக்கு இருப்பது பியூ அடி, அதாவது பாலியூரித்தேன். காற்றில் இருக்கும் ஈரம் அந்த நுரைக்குள் புகுந்து மெல்ல மெல்ல அதை அறுத்துவிடும். வெக்கையும் ஈரமும் சேர்ந்த நம் பக்கத்தில் இது சீக்கிரம் நடக்கும். போடாமல் வைத்திருந்தால் தேயாது, அவ்வளவுதான்; வயது ஏறிக்கொண்டேதான் இருக்கும். இதை ஒட்டவும் முடியாது. சொல்யூஷன் பிடிக்கக் கெட்டியான பரப்பு வேண்டும், உங்கள் ஷூவில் அது தூளாகிவிட்டது. என் கடைக்கு இப்படி வருகிற ஷூக்களில் பாதி, நல்ல நாளுக்கு என்று எடுத்து வைத்தவை.

தள்ளுபடியில் பழைய சரக்கு வாங்கும்போது இதைப் பாருங்கள். அடியின் பக்கவாட்டில் கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள். பள்ளம் எழும்பாமல் நின்றாலும், மெல்லிய வெடிப்பு தெரிந்தாலும், கையில் பிசுபிசுத்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

இன்னொரு வகை அடியான இவிஏ நுரை இப்படி உதிராது. நடக்க நடக்க அமுங்கித் தட்டையாகும், அது வேறு விஷயம். ஆனால் தரையைத் தொடும் அடுக்கு ரப்பராக இருக்க வேண்டும். முழுக்க இவிஏ என்றால் ஈரக் கல்லில் வழுக்கும், சீமைக்கருவேல முள்ளும் நேராக உள்ளே வந்துவிடும். ராஜஸ்தானிலும் அதே முள்தான். விளிம்பில் தையல் ஏறுகிற ஷூவாக இருந்தால் கிளம்பும் முன் சுற்றுத் தையல் போட்டுக்கொள்ளுங்கள். வழியில் ஒட்டு விட்டாலும் தையல் பிடித்து நிற்கும்.

பதில்: கீழக்கரையிலிருந்து அக்கா

தங்கச்சி, எனக்கும் உன்னைப் போலவே பாதம். ஒரு சைஸ் கூட்டினால் நீளம்தான் கூடும். உனக்கு வேண்டியது அகலம். பெண்கள் ஷூ பெரும்பாலும் முன்பக்கம் ஒடுங்கித்தான் வரும். கூச்சப்படாமல் ஆண்கள் பக்கம் போய் உன் நீளத்துக்கு எடுத்துப் பார்.

சாயங்காலம் கொஞ்சம் நடந்துவிட்டு, பயணத்தில் போடப்போகும் காலுறையோடு கடைக்குப் போ. காலையில் சரியாக இருக்கும் ஷூ, சாயங்காலம் வீங்கின காலை இறுக்கிப் பிடிக்கும். ஷூவுக்குள் இருக்கும் இன்சோலை வெளியே எடுத்துத் தரையில் போட்டு, அதன் மேல் முழு எடையோடு நில். சுண்டுவிரல் இன்சோலைத் தாண்டி வெளியே நின்றால் அந்த ஷூ வேண்டாம். கடைக்காரர் "போடப் போட லூசாகிவிடும்" என்பார். துணி கொஞ்சம் தளரும், அடியின் அகலம் தளராது. நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். இறக்கத்தில் விரல் முன்னால் போய் இடிக்கும், நகம் கறுத்துவிடும்.

குதிகால் கழல்வதற்கு வழி இருக்கிறது. மேலே கடைசியில் ஒரு ஓட்டையை யாரும் தொடுவதில்லை. அந்தந்தப் பக்கத்து நாடாவை அந்த ஓட்டையில் விட்டுச் சின்ன வளையமாக்கி, எதிர்ப்பக்க நாடாவை அந்த வளையத்துக்குள் நுழைத்து இழுத்துக் கட்டு. கணுக்காலை அது பிடித்துக்கொள்ளும், முன்பக்கம் விரலுக்கு இடம் விட்டு லூசாகவே இருக்கும்.

பதில்: ஏர்வாடி

இவ்வளவு யோசனை எதற்கு அக்கா? எங்கள் ஊரில் கடலுக்குப் போகிறவர்கள் காலத்துக்கும் வெறுங்கால்தான். ஹவாய் செருப்பு அறுந்தால் எந்த ஊரிலும் புது வார் கிடைக்கும். பையும் லேசு. நான் அஜ்மீர் வரை அப்படித்தான் போய் வந்தேன்.

பதில்: மண்டபம், செவிலியர்

ஏர்வாடித் தம்பி, உங்களுக்கு அது சரி. கால் உணர்ச்சி நன்றாக இருப்பவருக்கு முள் குத்தினால் உடனே தெரியும். பல வருடச் சர்க்கரையில் பாதம் மரத்துப் போயிருந்தால் தெரியாது. செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் ஒற்றைக் காலில் செருப்போடு வார்டுக்குள் நடந்து வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். காலில் ஏறின ஆணி, டிரஸ்ஸிங்குக்கு உட்காரும்போதுதான் தெரிய வந்திருக்கிறது. அதனால்தான் சித்திக்கு ஹவாய் வேண்டாம் என்கிறேன். அதன் வார் விரல் இடுக்கில் உரசிப் புண்ணாக்கும், குதிகாலையும் பிடிக்காது.

கிளம்பும் முன் டாக்டரிடம் சித்தியின் பாதத்தைக் காட்டி, உணர்ச்சி எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். எம்சிஆர் (நுண்துளை ரப்பர்) அடி போட்ட, பின்வார் உள்ள, ஒட்டுப் பட்டை செருப்பு வாங்குங்கள். அது உள்ளே மெத்தென்றும் கீழே கெட்டியாகவும் இருக்கும், கோயில் வாசலில் குனிந்து நாடா அவிழ்க்கவும் வேண்டாம். கேதார்நாத் குளிருக்கு அகலமான துணி ஷூ தனியாக வேண்டும். இரண்டையும் இப்போதே வாங்கி வீட்டிலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். புது ஷூவோடு ரயில் ஏறக்கூடாது.

வெயிலில் காய்ந்த கல்தளத்தில் வெறுங்கால் வைக்கக்கூடாது. அனுமதிக்கும் கோயிலில் காலுறையோடு போகட்டும். பொற்கோயிலில் காலுறையையும் கழற்ற வேண்டும், வாசலில் ஓடும் நீரில் கால் நனைத்துத்தான் உள்ளே போக முடியும். வெளியே வந்ததும் விரல் இடுக்குகளைத் துடைத்துவிடுங்கள். காலுறை வெள்ளையாக இருந்தால் ரத்தமோ நீரோ பட்டது உடனே தெரியும். ராத்திரி படுக்கும் முன் உள்ளங்காலை நீங்கள் டார்ச் அடித்துப் பாருங்கள், சித்தி பார்த்தேன் என்று சொன்னாலும். காலையில் போடும் முன் ஷூவுக்குள் கையை விட்டுத் தடவுங்கள். குளிருக்கு வெந்நீரில் கால் வைப்பது, அடுப்பருகே காட்டுவது இரண்டும் கூடாது. சூடு தெரியாமலே வெந்துவிடும்.

பதில்: சாயல்குடி, முன்னாள் ராணுவம்

தாயி, அக்காவும் நர்ஸம்மாவும் சொன்னது அத்தனையும் சரி. ஏற்றத்தைப் பற்றி நான் சொல்கிறேன்.

கௌரிகுண்டிலிருந்து கேதார்நாத்துக்கு 16 கிலோமீட்டருக்குக் குறையாது. கோயில் 3,583 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆனால் பெரும்பகுதி கல் பாவிய பாதை, அதற்காகக் கணுக்கால் வரை வரும் கனத்த பூட்டை ஆறு மாதம் சுமக்க வேண்டியதில்லை. அங்கே வழுக்கிவிடுவது கோவேறு கழுதைச் சாணமும் மழையும் கலந்த சேறு. அடியில் ஆழமான வெட்டு உள்ள ரப்பர் இருந்தால் போதும்.

தண்ணீர் புகாத ஷூ என்று விலை அதிகமாக ஒன்று காட்டுவார்கள். மேலே கணுக்கால் வழியாகத் தண்ணீர் இறங்கிவிட்டால் அதுவே வெளியே போகாது, காயவும் நேரமாகும். ராஜஸ்தான் வெயிலில் உள்ளே வேர்த்து ஊறும். பனியிலேயே மாதக்கணக்கில் நடப்பவருக்கு அது தேவை. உங்களுக்கு வேண்டாம். நனைந்தால் இன்சோலை உருவி, உள்ளே செய்தித்தாளைத் திணித்து, தாள் ஊறினதும் மாற்றி, நிழலில் காற்றாட வையுங்கள். வெயிலிலோ ஹீட்டர் பக்கத்திலோ வைத்தால் ஒட்டு விடும்.

பருத்திக் காலுறை வேர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கொப்புளத்துக்குப் பாதிக் காரணம் அதுதான். கம்பளி கலந்ததோ செயற்கை இழையோ வாங்குங்கள். காலில் ஒன்று, கொடியில் ஒன்று, படுக்கும்போது போடக் காய்ந்தது ஒன்று.

ஆடியும் ஆவணியும் கையில் இருக்கிறது. முதுகில் பையை மாட்டிக்கொண்டு நடங்கள். மணலில் மட்டும் நடந்தால் போதாது. ஏற்ற இறக்கத்துக்கு விடியற்காலையில் பாம்பன் சாலைப் பாலம், படிக்கட்டுக்குக் கெந்தமாதன பர்வதம். காலில் எங்கே சுர்ரென்று சூடு தெரிகிறதோ அங்கேயே நின்று டேப் ஒட்டிவிட வேண்டும். கொப்புளம் எழும்பின பிறகு ஒட்டிப் பயனில்லை.

கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. ஆண்கள் பக்கத்தில் ரப்பர் அடி போட்ட ஷூ ஒன்று எடுத்தேன், இன்சோல் மேல் நின்றால் சுண்டுவிரல் உள்ளேயே நிற்கிறது. நாடா வளையம் போட்டுப் பாலம் போய்வந்தேன். குதிகால் அசையவில்லை. சித்தியை டாக்டரிடம் கூட்டிப் போனேன், வலது பாதத்தில் உணர்ச்சி குறைவு என்றார். சித்தி இப்போது மறுபேச்சு பேசவில்லை, பின்வார் செருப்போடு வீட்டுக்குள் நடந்து பழகுகிறார்.

தோல் செருப்பை விட்டுவிட்டேன். இன்னும் இரண்டு சந்தேகம். பின்வார் செருப்பு எனக்கும் வாங்கியிருக்கும்போது ஹவாயும் வேண்டுமா? ரயிலிலும் கோயில் வாசலிலும் ஷூ காணாமல் போனால் என்ன செய்வது?

பதில்: கீழக்கரை அக்கா

ஹவாயை எடுத்துக்கொள், சித்திக்கு ஒன்று, உனக்கு ஒன்று. சித்தி அதைக் குளியலறையைத் தாண்டிப் போடக்கூடாது, அங்கேயும் உன் கையைப் பிடித்துக்கொண்டு போகட்டும். சத்திரத்துப் பொதுக் குளியலறையில் வெறுங்காலோடு நின்றால் சேற்றுப்புண் வரும். பின்வார் செருப்பைக் குளிக்கப் போட்டு ஈரமாக்கினால் காலையில் போட எதுவும் இருக்காது. எடையும் ஒன்றும் இல்லை, பைக்கு வெளியே சொருகிக்கொள்.

பதில்: சாயல்குடி, முன்னாள் ராணுவம்

ரயிலில் படுக்கும்போது ஷூவைத் துணிப்பையில் போட்டு, பையின் காதைக் கீழ்ப்படுக்கைக்கு அடியில் இருக்கும் வளையத்தோடு கட்டிவிடுங்கள், நடைபாதைப் பக்கம் விடாதீர்கள். குருத்வாராவில் ஜோடா கர், அதாவது காலணிக் காப்பிடம் இருக்கும், டோக்கன் வாங்கிக் கொடுத்துவிடலாம். மற்ற கோயில்களில் காப்பிடம் இல்லையென்றால் அதே துணிப்பையில் போட்டுக் கையோடு வையுங்கள், அதற்கும் தடை என்றால் ஒருவர் வெளியே நின்று மாறி மாறிப் போய் வாருங்கள். ஷூவைத் தொலைத்தால் வாங்கலாம், ஆனால் உங்கள் அகலத்துக்குப் பழகின ஷூ கௌரிகுண்டில் கிடைக்காது. அதனால் மலை இறங்கும் வரை அதைக் கண்ணிலேயே வைத்திருங்கள்.