15 வாட் கிட்டார் ஆம்பில் பாடகர் மைக்: போதுமா, போதாதா?

கடலோரக்காற்று:
ராமேஸ்வரம் போகும் வழியில் மண்டபம் ஊர்ப் பக்கம் கடற்கரையில் சாயங்காலப் பாட்டு. உட்காருவது நாற்பது பேர். ஒருவர் பாடுவார், கூட ஆர்மோனியமும் தபலாவும். கையில் இருப்பது ஒரு டைனமிக் மைக், எட்டு இஞ்ச் ஸ்பீக்கர் வைத்த 15 வாட் கிட்டார் ஆம்ப். மைக்கை நேராகச் சொருகினால் சத்தம் எழும்பவில்லை, கெயினை (சத்தம் ஏற்றும் குமிழை) திருப்பினால் கூவுகிறது. மைக்செட் வாடகைக்கு எடுக்காமல் இதை வைத்தே சமாளிக்க வழி உண்டா?

உப்பங்கழி:
தாராளமா உண்டு தம்பி. நடுவுல ஒரு சாமான் இல்லாததுதான் குறை. எஸ்எம்58 மாதிரி மைக் ஒரு பாஸ்கல் (காத்தழுத்தத்தோட அளவு) சத்தத்துக்கு 1.85 மில்லிவோல்ட்தான் தரும். வாயை ஒட்டி வச்சு உரக்கப் பாடினாலும் 20 மில்லிவோல்ட்டைத் தொட்டால் பெரிசு. கிட்டார் பிக்அப் சாதாரணமா நூறைத் தாண்டும், ஆம்ப் இன்புட் அதுக்குத் தக்கபடி கட்டினது.

மைக் மேட்சிங் டிரான்ஸ்ஃபார்மர்னு கேட்டு வாங்குங்க. ஒரு முனையில எக்ஸ்எல்ஆர் (மைக் ஒயரோட மூணு முள் சொருகி), மறுமுனையில பி-38 பின் (கிட்டார் ஒயர்ல வர்ற கால் இஞ்ச் பின்), விரல் நீளம்தான் இருக்கும். 150 ஓம் மின்மறுப்பை 50 கிலோஓமா மாத்தும், வோல்டேஜ் 18 மடங்கு ஏறும். கணக்குப்படி 25 டெசிபல் சும்மா கிடைக்குது. அதை ஆம்ப் பக்கம் சொருகணும். மைக் பக்கம் சொருகிட்டு அங்கிருந்து பத்து மீட்டர் ஒயர் இழுத்தால் ஒயரோட கெபாசிட்டன்ஸே ட்ரெபிளை (கீச்சு ஒலியை) தின்னுடும், ஹம்முங்கிற உறுமலும் ஏறும்.

ஒலியைச் சிதைக்காத க்ளீன் சேனல்ல மட்டும் ஓட்டுங்க. கிட்டார் ஆம்ப்ல குமிழெல்லாம் நடுவுல நின்னாலும் மிட் (நடு ஒலி) வெட்டுப்பட்டுத்தான் வரும். பாஸையும் ட்ரெபிளையும் நல்லாக் குறைச்சு மிடிலை முழுசா ஏத்தினால் குரல் முன்னுக்கு வரும்.

வாடைக்காலம்:
சத்தம் வரும் அண்ணே, சொல் வராது. கிட்டார் ஸ்பீக்கருக்கு ட்வீட்டர் (கீச்சு ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) கிடையாது. 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் சட்டென்று விழுந்துவிடும். ச, ஸ எல்லாம் காதில் பிரிந்து விழுவது பெரும்பாலும் அதற்கு மேலேதான். ட்ரெபிளையும் குறைக்கச் சொல்கிறீர்கள், மிச்சம் என்ன இருக்கும்?

திறந்தவெளிக் கணக்கையும் பாருங்கள். ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 95 டெசிபல் என்று வைத்தால், 15 வாட்டில் 107. தூரம் இரட்டிக்க இரட்டிக்க ஆறு குறையும்: எட்டு மீட்டரில் 89, பதினாறில் 83. அதுவும் உச்சத்தில். சிதையாமல் பாட வேண்டுமென்றால் சராசரி இன்னும் பத்தாவது கீழே இருக்க வேண்டும். கடற்கரையில் சத்தத்தைத் திருப்பித் தர சுவர் இல்லை, அலை இரைச்சல் வேறு. கடைசி வரிசைக்கு ராகம் போகும், வரி போகாது. ட்வீட்டரும் மைக் இன்புட்டும் உள்ள கீபோர்டு ஆம்ப் எடுப்பதே சரி.

உப்பங்கழி:
நாற்பது பேர் பாயில உட்கார்ந்தால் எட்டு மீட்டருக்குள்ள அடங்கிடுவாங்க. பதினாறு மீட்டர் கணக்கு இங்க எதுக்கு? ட்ரெபிள் பயம் இருந்தால் ஒரு சின்ன மிக்ஸர் போடுங்க. மிக்ஸர் அவுட்டை ஆம்போட எஃபெக்ட்ஸ் ரிட்டர்ன்லயோ ஆக்ஸ் இன்லயோ கொடுத்தால் ஆம்போட முதல் கட்டமான ப்ரீஆம்பும் டோன் சர்க்யூட்டும் ஒதுங்கிடும். மிக்ஸரோட லோ கட்டைப் போட்டுக்குங்க, காத்து அடிக்கிற குபுகுபு சத்தமும் போயிடும்.

வாடைக்காலம்:
மிக்ஸர் எலெக்ட்ரானிக்ஸை மாற்றும், ஸ்பீக்கர் கோனை மாற்றாது. டிரான்ஸ்ஃபார்மர், மிக்ஸர் என்று ஒவ்வொன்றாகச் செலவழிப்பதற்கு அந்தப் பணத்தை ஆம்ப் உள்ளேயே இருக்கும் ஆக்டிவ் ஸ்பீக்கரில் போடலாம்.

கீழக்கரை ஒலி:
ரெண்டு பேரும் வாட்டையும் ஹெர்ட்ஸையும் பிடிச்சுக்கிட்டு இருக்கீங்க. தம்பி கேட்டது கூவுறதைப் பத்தியும்தான். கிட்டார்காரங்க ஆம்பை முதுகுக்குப் பின்னால வைப்பாங்க. பாடகருக்கு அப்படி வச்சால் ஆம்ப் சத்தம் நேரா மைக் வாய்க்குள்ள போகும். பாடகருக்கு ரெண்டு மீட்டர் முன்னால, ஒரு பக்கமா, ஸ்டூல் மேல ஆம்பை வச்சு கூட்டத்தைப் பார்த்துத் திருப்புங்க. கார்டியாய்டு (முன்பக்கச் சத்தத்தையே அதிகம் வாங்குற) மைக்குக்குக் காது கேட்காத பக்கம் அதோட வால்தான், அந்த வால் ஆம்பைப் பார்க்கணும். வலைத்தலையைக் கையால பொத்திப் பிடிச்சால் அந்தக் குணமே போயிடும், கூவ ஆரம்பிச்சிடும். உதட்டுக்கும் மைக்குக்கும் ரெண்டு விரல் இடைவெளி. இருக்கிற தூரத்தைப் பாதியாக்கினால் ஆறு டெசிபல் லாபம், காசில்லாமல்.

காத்து எதிர்த்து வந்தால் சத்தம் மேல வளைஞ்சு ஆள் தலைக்கு மேல போயிடும். வாடையில (வடக்குக் காத்து) பாக் விரிகுடாப் பக்கமும், சோளகத்துல (தெக்குக் காத்து) மன்னார் வளைகுடாப் பக்கமும் காத்து கடல்லேர்ந்துதான் வரும். ரெண்டுக்கும் ஒரே வழி: பாடகர் கடலுக்கு முதுகு காட்டி நிக்கணும், கூட்டம் கரைப்பக்கம். அவர் உடம்பே மைக்குக்கு மறைப்பு. இருந்தாலும் ஃபோம் மாட்டுங்க.

இன்னொண்ணு, இது உயிர் விஷயம். ஈரமணல், வெறுங்கால், வாயில உரசுற இரும்பு வலை. வலை கேபிளோட கிரவுண்ட் வழியா ஆம்ப் சேஸிஸோட (இரும்புக் கூட்டோட) சேர்ந்திருக்கு, டிரான்ஸ்ஃபார்மர் போட்டாலும் அப்படித்தான்னு வச்சுக்குங்க. ஹம் போகணும்னு மூணாவது பின் எர்த்தை யாரும் கழட்டாதீங்க. 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சால் உடனே லைனைத் துண்டிக்கிற சுவிட்ச்) இல்லாத லைன்ல மைக் கொடுக்கவே கூடாது.

கடலோரக்காற்று:
நன்றி கீழக்கரைக் காக்கா (அண்ணே), இடம் மாற்றி வைக்கிறேன். கண்டென்ஸர் மைக் ஒன்றும் இரவல் கிடைக்கும். அதைச் சொருகலாமா?

கீழக்கரை ஒலி:
வேணாம். அதுக்குப் பெரும்பாலும் 48 வோல்ட் பேன்டம் (மைக் ஒயர் வழியாவே போற கரண்ட்) வேணும், கிட்டார் ஆம்ப்ல அது வராது. இருக்கிற டைனமிக்கே போதும். கடைசில எக்ஸ்எல்ஆர் முள்ளைத் துடைச்சு, டப்பாவுல சிலிக்கா ஜெல் போட்டு மூடி வைங்க. உப்புக்காத்துல முள் பச்சை பூத்துட்டால் கரகரங்கும்.

வாடைக்காலம்:
வாங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள் தம்பி. எட்டாவது மீட்டரில் ஒருவரைத் தாளோடு உட்கார வையுங்கள். மைக்கில் காசு, காது, பசி, பதி, ஊசி, ஊதி என்று மாற்றி மாற்றி இருபது சொல் வாசியுங்கள். வாய் அசைவு தெரியாதபடி அவர் திரும்பி உட்கார வேண்டும். மூன்றுக்கு மேல் தப்பினால் ட்வீட்டர் உள்ள பெட்டிதான் வேண்டும்.

உப்பங்கழி:
சரியான சோதனை. ஆனால் முதல்ல டிரான்ஸ்ஃபார்மரைப் போட்டுட்டு, ஆம்பையும் காக்கா சொன்ன இடத்துல வச்சுட்டு அதைச் செய்யுங்க.