முகநூல் பதிவுக்கு அவதூறு நோட்டீஸ்: அழிச்சிரலாமா?

மேலப்பாளையம் வாசகி:
பழைய மேலாளர் செஞ்ச பாலியல் தொந்தரவை என் தோழி முகநூல்ல அவர் பேரைச் சொல்லி எழுதிட்டா. 7 நாள்ல அழிக்கலன்னா அவதூறு வழக்குன்னு வக்கீல் நோட்டீஸ். என்ன செய்ய?

பாளை வக்கீல்:
பதறாதீங்கம்மா. நோட்டீஸ் கோர்ட் சம்மன் இல்ல. முதல்ல பதிவு, பின்னூட்டம், பழைய வாட்ஸ்அப் எல்லாத்தையும் தேதியோட சேமிங்க. போனை ரீசெட் பண்ணிராதீங்க; புது சாட்சிய சட்டம் பிரிவு 63 சான்றிதழ் (மின்னணு ஆதாரத்துக்குத் தர்ற சான்று) இல்லாத ஸ்கிரீன்ஷாட் விசாரணையில அடிபடும்.

பாரதிய நியாய சன்ஹிதா (ஐபிசிக்குப் பதிலா வந்த சட்டம்) பிரிவு 356-ல அவதூறுக்குத் தண்டனை 2 வருஷம் வரை. போலீஸ் நேரா எஃப்ஐஆர் போட முடியாது. அந்த மேலாளர்தான் மாஜிஸ்திரேட்கிட்ட புகார் கொடுக்கணும். புது குற்றவியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 223-படி, வழக்கைக் கையில எடுக்குமுன்ன தோழி தரப்பையும் கேக்கணும். அந்த வாய்ப்பை விட்டுராதீங்க.

நெல்லைச்சீமை:
உண்மைன்னா மட்டும் போதாது, பொது நன்மைக்காகச் சொன்னதுன்னும் காட்டணும். தனக்கு நடந்ததை மட்டும் எழுதியிருந்தா பலம். "இன்னும் பத்துப் பேரைக் கெடுத்தான்"னு கேள்விப்பட்டதைச் சேர்த்தா அங்கதான் மாட்டும். எம்.ஜே. அக்பர் மேல பாலியல் புகார் சொன்ன பத்திரிகையாளர் பிரியா ரமணியை, அவர் போட்ட அவதூறு வழக்குல 2021 பிப்ரவரியில டெல்லி கோர்ட் விடுதலை பண்ணுச்சு. பல வருஷம் கழிச்சும் பெண் பேசலாம்னு சொல்லுச்சு. மத்த கோர்ட்டைக் கட்டுப்படுத்தாது, ஆனா வாதத்துக்கு உதவும்.

பாளை வக்கீல்:
ஆமா. பெண்களுக்கு வருமானம் பாக்காம இலவச வக்கீல் உண்டு, சட்ட உதவி எண் 15100-க்கு அடிங்க. வழக்கை ரத்து பண்ண ஹைகோர்ட் மதுரைக் கிளைக்குப் போகலாம். நோட்டீஸுக்குத் தோழியே கோபத்துல பதில் எழுத வேண்டாம்.